சாயக்கழிவு ஆய்வறிக்கையை வெளியிடக் கோரி மனு

அனுப்புநர்: ஓடைக்கரைக் காலனி விவசாயிகள், பொதுமக்கள்

பெறுநர்: உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்

பொருள்: சாயக்கழிவு பற்றிய நிபுணர் குழு அறிக்கையை வெளியிடவும், இரவில் மறுமாதிரி எடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: குறைதீர்க்கும் நாளில் ஏற்கெனவே அளித்த எங்கள் மனுக்கள்.

ஐயா,

வணக்கம். எங்கள் ஊர் தங்களுக்குப் புதிதல்ல. பாலத்துக்கு மேற்கே சாயப்பட்டறைகள், கிழக்கே எங்கள் கிணறுகள். முந்தைய மனுக்களுக்கு ரசீது கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. நேரில் கேட்டால் "நிபுணர் குழு அறிக்கை வரட்டும்" என்கிறார்கள். ஆகவே பணிவுடன் மீண்டும் வேண்டுவது:

1. நிபுணர் குழு வந்தது உண்மை. பட்டப்பகலில் வந்து, பட்டறைக்காரர் காட்டிய குழாயில் மாதிரி பிடித்துக்கொண்டு போனது. கழிவை ஓடையில் திறந்துவிடுவது ராத்திரியில். மழை பிடித்துக்கொண்டால் பகலிலும். எங்கள் கிணறு ஒன்றில்கூட வாளி இறங்கவில்லை.

2. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது ஐயா. குக்கர் எத்தனை விசில் அடித்தாலும் துவரம்பருப்பு முழுசு முழுசாகக் கிடக்கும். சோறு பழுப்பாகிவிடும். சோப்பு நுரைக்காது. மாட்டுத்தொட்டி விளிம்பில் உப்பு பூத்திருக்கிறது. நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். கறவை மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. லாரி வராத நாளில் கூலிக்காசில் கேன் வாங்குகிறோம், அதுவும் குடிக்க மட்டும்தான். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. எங்கள் கிணற்றில் எவ்வளவு? அளந்து சொல்லுங்கள் என்றுதானே கேட்கிறோம்!

3. குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? பட்டறைகளுக்கு ஆலோசனை சொல்லிக் காசு வாங்குகிறவர் எவராவது இருந்தால் மாற்றுங்கள்.

4. நிபுணர்கள்மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவர்கள் எழுதுவதை வைத்துத்தான் விதியும் வரம்பும் வருகின்றன என்பது தெரியும். ஆனால் அறிக்கை வரவில்லை என்பதே சும்மா இருப்பதற்குச் சாக்காகிவிடுவதா? பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது? அறிவியல் உறுதி முழுமையாக இல்லை என்று தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. கேடு இல்லை என்று நிரூபிப்பது தொழில் நடத்துகிறவர் பொறுப்பு. இங்கே தலைகீழாக, கேட்டை நாங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் நீதிபதியோடு நிபுணரும் அமர்கிறார். அங்கே அவர் கருத்து தீர்ப்பாக வெளியே வருகிறது. எங்கள் ஊருக்கு வந்த நிபுணர் எழுதியது எந்தக் கோப்பில் இருக்கிறது? எழுதினாரா, இல்லையா? அதையாவது சொல்லக்கூடாதா? நொய்யல் ஆற்றில் ஒரத்துப்பாளையம் அணையைப் பாசனத்துக்கென்றுதான் கட்டினார்கள். சாயக்கழிவு தேங்கி, கடைசியில் விவசாயிகளே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்றார்கள். அந்த நிலை எங்களுக்கு வரும்வரை காத்திருக்கப் போகிறீர்களா?

5. அறிக்கையை வெளியிடுங்கள். தமிழில் வெளியிடுங்கள், ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள்.

ஐயா, கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். தயவுசெய்து கிணறுகளிலும் ஓடையிலும் இரவில், எங்கள் முன்னிலையில் மறுமாதிரி எடுக்க உத்தரவிடுங்கள். பட்டறைகளுக்கு முன்தகவல் போகாமல் வாருங்கள். எத்தனை மணியானாலும் டார்ச் லைட்டோடு பாலத்தில் நிற்கிறோம்.

இப்படிக்கு,
ஓடைக்கரைக் காலனி மக்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)