டைமிங் பெல்ட் விஷயமாக மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

டைமிங் பெல்ட் மாற்ற நீ வாங்கி அனுப்பிய எஸ்டிமேட்டை வரி விடாமல் படித்தேன். இன்ஜினின் பாகங்களை ஒன்றோடொன்று நேரம் தவறாமல் சுற்ற வைக்கும் பட்டைதான் அந்தப் பெல்ட். "வண்டி நல்லாத்தானேம்மா ஓடுது, இப்பவே இவ்வளவு செலவு பண்ணணுமா? கொஞ்ச நாள் தள்ளிப் போடலாமா?" என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவோம் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கும் சர்வீஸ் புத்தகத்தை எடு. கடைசிப் பக்கங்களில் டைமிங் பெல்ட் மாற்றிய தேதி என் கையெழுத்தில் இருக்கும். அதற்குப் பிறகு வண்டி 62,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஆனால் 8 வருடம் ஆகிவிட்டது. உன் வண்டியின் கையேட்டில் போட்டிருப்பது 1 லட்சம் கிலோமீட்டர் அல்லது 6 வருடம், எது முதலில் வருகிறதோ அது. நீ கிலோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு இன்னும் நிறைய பாக்கி இருக்கிறது என்கிறாய். பெல்ட் என்பது ரப்பர். உள்ளே கண்ணாடி இழை நூல் ஓடும், உட்பக்கம் பல் இருக்கும். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறத்தான் செய்யும். ஓட்டம் குறைந்த வண்டிகளில்தான் இந்த வருடக் கணக்கு யார் கண்ணிலும் படாமல் போகிறது.

"சத்தம் எதுவும் வரலையே" என்கிறாய். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கீச்சென்று கத்துவது வெளியே இருக்கும், பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பெல்ட். டைமிங் பெல்ட் மூடிக்குள் இருக்கிறது. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலேயே அறுந்துவிடும். மூடியைக் கழற்றிப் பார்த்து வெடிப்பு இல்லை என்று சொன்னாலும் நம்பிவிடாதே. பழைய காலத்து ரப்பரில் வெடிப்பு கண்ணுக்குத் தெரியும். இப்போதைய ரப்பர் பார்க்கப் புதிது போலவே இருக்கும், உள்ளே நூல் நைந்து போயிருக்கும்.

அறுந்தால் என்ன ஆகும் என்பதை நீ சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சிலிண்டருக்குள் மேலும் கீழும் ஓடும் பிஸ்டன்கள் சுற்ற வைக்கும் தண்டுதான் கிராங்க். காற்றை உள்ளே விட்டுப் புகையை வெளியே விடும் கதவு மாதிரி வால்வு; அதைத் திறந்து மூடும் தண்டு கேம்ஷாஃப்ட், சுருக்கமாகக் கேம். கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். அந்தக் கணக்கைப் பிசகாமல் வைத்திருப்பது இந்தப் பெல்ட் ஒன்றுதான். நீ 3,000 ஆர்பிஎம்-மில், அதாவது நிமிடத்துக்கு 3,000 சுற்றில், போகிறாய் என்றால் கிராங்க் நொடிக்கு 50 தடவை சுற்றுகிறது, ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. உன் இன்ஜினில் வால்வு இறங்கும் இடமும் பிஸ்டன் ஏறும் இடமும் ஒன்றே. ஒன்று விலகிய பிறகுதான் மற்றது அங்கே வரும். பெல்ட் அறுந்த நொடியில் கேம் நின்றுவிடும். வண்டி ஓடுகிற வேகத்தில் கிராங்க் நிற்காது. திறந்தபடி நின்ற வால்வுகளைப் பிஸ்டன் வந்து இடித்து வளைத்துவிடும். பிறகு ஹெட்டை, அதாவது வால்வுகள் இருக்கும் மேல் பகுதியை, இறக்கி வால்வு மாற்ற வேண்டும், சில சமயம் பிஸ்டனும் போய்விடும். சில இன்ஜின்களில் இந்த இடி வராது, பெல்ட் அறுந்தால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். உன்னுடையது அந்த வகை இல்லை.

இன்ஜின் போனால் போகட்டும் பாப்பா. எனக்குப் பயம் அது இல்லை. நீ ராத்திரியில் நெடுஞ்சாலையில் தனியாக வருகிறாய். வேகத்தில் போகும்போது இன்ஜின் அணைந்தால் பவர் ஸ்டியரிங் போய்விடும், திருப்பக் கை வலுவெல்லாம் வேண்டியிருக்கும். பிரேக் ஒன்றிரண்டு மிதிக்கு இலகுவாகப் பிடிக்கும், அப்புறம் பெடல் கல் மாதிரி இறுகிவிடும். முழுப் பலத்தோடு மிதித்தால் பிரேக் பிடிக்கும்தான், ஆனால் அந்தப் பதற்றத்தில் அது யாருக்கு ஞாபகம் வரும்? பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். இதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ஒருவேளை அப்படி நின்றுவிட்டால், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்டு. மறுபடி மறுபடி சாவியைத் திருப்பாதே. ஒவ்வொரு திருப்பலிலும் வளையாமல் மிச்சமிருக்கும் வால்வும் வளையும்.

உன் கூட வேலை செய்யும் பெண் தன் வண்டிக்கு இந்தச் செலவே கிடையாது என்று சொன்னதாக எழுதியிருந்தாய். அவளுடையது பெல்ட்டுக்குப் பதில் செயின் வைத்த இன்ஜினாக இருக்கும். ஆரம்பத்தில் கார்களில் கேமைச் சுற்றப் பெரும்பாலும் செயினும் கியரும்தான் இருந்தன. 1962-இல் கிளாஸ் 1004 என்ற ஜெர்மன் கார்தான் பெருமளவில் தயாரான கார்களில் முதன்முதலாகப் பல் வைத்த ரப்பர் பெல்ட்டோடு வந்தது. சத்தமும் எடையும் குறைவு என்பதால் பலரும் அதைப் பின்பற்றினார்கள். செயினுக்குத் தேதி குறிப்பதில்லை, ஆனால் நேரத்துக்கு ஆயில் மாற்றாவிட்டால் அதுவும் நீண்டு தளர்ந்துவிடும். அவளுக்கு அதைச் சொல்லி வை.

இனி எஸ்டிமேட். பெல்ட் மட்டும் மாற்றினால் பாதிச் செலவில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். வேண்டாம். இந்த வேலையில் பெரும் பங்கு லேபர்தான். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து உள்ளே போவதற்கே நேரம் போய்விடும். அங்கே போன பிறகு பெல்ட்டை இறுக்கி வைக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் உருளையான ஐட்லர், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டை ஓட வைக்கும் வாட்டர் பம்ப், ஆயில் கசியாமல் தடுக்கும் கிராங்க் சீல், கேம் சீல் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கும். உன் வண்டியில் வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான். பம்ப் பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் சேர்ந்து போகும். சீல் கசிந்தால் ஆயில் பட்டு ரப்பர் ஊறிப் பல் உரிந்துவிடும். அப்போது இதே லேபரை இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

வேலை நடக்கும்போது ஒரு மணி நேரம் போய்ப் பக்கத்தில் நில். கழற்றிய பழைய ஐட்லரைக் கையில் வாங்கி விரலால் சுற்றிப் பார். நல்லது என்றால் உள்ளே இருக்கும் கிரீஸ் பிடித்து மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றி நிற்கும். தேய்ந்தது என்றால் சர்ரென்று வறட்டுச் சத்தத்தோடு நிற்காமல் சுற்றும், அல்லது மணல் அரைபடுவது விரலுக்குத் தெரியும். வாட்டர் பம்ப்பைத் திருப்பினால் அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதைச் சுற்றிப் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொருக்குத் தட்டியிருந்தால் கூலன்ட் கசிந்து காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். புதுப் பெல்ட் மாட்டியதும் கிராங்க்கைக் கையால் முழுதாக இரண்டு சுற்று சுற்றி, கிராங்க்கிலும் கேமிலும் இருக்கும் குறிகள் நேராக வருகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். அதைக் காட்டச் சொல்லிக் கேள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷமாகக் காட்டுவார்.

வண்டி விற்கிற விலையில் பாதி இந்தச் செலவுக்கே போகிறது என்கிறாய். உண்மைதான். ஆனால் விற்கிற விலையை விடு. இதைக் கொடுத்துவிட்டு நீ என்ன வாங்கப் போகிறாய் என்று யோசி. கையில் இருக்கும் பணத்துக்கு இன்னொரு பழைய வண்டிதான் கிடைக்கும். அதன் பெல்ட் எப்போது மாற்றியது என்று சொல்ல ஆள் இருக்காது; வாங்கிய வாரமே அதற்கும் இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். இந்த வண்டியின் ஒவ்வொரு ஆயில் மாற்றலும் எனக்குத் தெரியும்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு செலவழி என்று சொல்லவில்லை. முதலில் நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன், அதாவது பிஸ்டன் உள்ளே காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று, பார்க்கச் சொல். நாலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்க வேண்டும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் பிடித்திருக்கும் இடங்களிலும் கதவுக்குக் கீழே இருக்கும் பட்டையிலும் துரு தின்றிருக்கிறதா என்று தட்டிப் பார்க்கச் சொல். கியர் பாக்ஸையும் கேட்டுக்கொள். இவையெல்லாம் சரியாக இருந்தால் முழு வேலையையும் செய்துவிடு, இன்னும் பல வருடம் ஓடும். அடித்தளமே துருப்பிடித்திருந்தால் பெல்ட்டுக்கு ஒரு காசும் போடாதே, வண்டியைக் கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுத்தாலும் பெல்ட் காலம் கடந்துவிட்டது என்று வாங்குகிறவரிடம் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். அவர் வீட்டிலும் யாராவது ராத்திரியில் ஓட்டுவார்கள்.

இரண்டில் எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம். செய்யலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே தினமும் ஓட்டுகிறாயே, அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். முடிவு எடுக்கும் வரை நெடுஞ்சாலைக்கு வண்டியை எடுக்காதே. அடுத்த வாரம் இங்கே வருவதானால் ரயிலில் வா.

பம்ப், சீல், கூலன்ட் செலவு என்னுடையது. மறுக்காதே. கம்ப்ரெஷன் அளவு நாலையும் எழுதி வாங்கி, போட்டோ எடுத்து அனுப்பு. பார்த்துவிட்டு அன்றைக்கே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா