இறங்கும்போதுதான் பார்த்தேன், அத்தை

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் முட்டியைப் பற்றிப் போனில் சொன்னால் "இன்னாடி, வயசானா தேயாதா" என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். குடியாத்தத்தில் உங்களோடு பீடி சுற்றுகிறவர்களுக்கும் உங்கள் மருமகள் படித்துக் காட்டட்டும்.

கார்த்திகை ஞாயிறு சோளிங்கர் போனோமே. ரோப் கார் இருந்தும், வேண்டுதல் என்று 1305 படியும் ஏறினீர்கள். ஏறும்போது நான் எதையும் கவனிக்கவில்லை, எனக்கே மூச்சு வாங்கியது. இறங்கும்போதுதான் பார்த்தேன். கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் வலது காலையே முதலில் வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் சேர்த்தீர்கள். முதலில் இறங்குகிற காலுக்கு வேலை குறைவு. மேல்படியில் மடங்கி நிற்கிற காலின் தொடைதான் மொத்த உடம்பையும் தாங்கி மெல்ல இறக்கும். அந்த வேலையை வலது காலுக்குக் கொடுக்காமலே 1305 படியும் இறங்கிவிட்டீர்கள், உங்களுக்கே தெரியாமல். பிசியோதெரபி படித்தவள் கண்ணில் அது படாமல் போகுமா?

போன வருஷ எக்ஸ்ரேயில் "நார்மல்" என்று சொன்னார்களாம். அந்தப் படம் படுக்கவைத்து எடுத்தது. தேய்வது எலும்பு முனையில் மெத்தைபோல் இருக்கிற குருத்தெலும்பு, அது எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு எலும்புக்கு நடுவிலுள்ள இடைவெளியை வைத்துத்தான் தேய்மானத்தைக் கணிப்பார்கள். படுத்திருந்தால் மூட்டில் பாரம் இல்லை, இடைவெளி குறையாததுபோலவே தெரியும். நிற்கவைத்து எடுக்க வேண்டும். அப்படி எடுத்தாலும் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் எக்ஸ்ரேயில் தேய்மானத்தை அளக்க 1957-இல் வகுத்த 0 முதல் 4 வரையிலான அளவுதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பொதுவாக 2 வந்தால்தான் தேய்மானம் என்று எழுதுவார்கள். குருத்தெலும்புக்கு நரம்பு வேறு கிடையாது, அது தேய்வது அதற்கு வலிக்காது. வலிப்பது சுற்றியிருக்கிற எலும்பும் சவ்வும்.

காலையில் முட்டி பிடித்துக்கொள்கிறது, காபி போட்டு முடிப்பதற்குள் விட்டுவிடுகிறது என்றீர்களே, அதை டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். வயது 45-க்கு மேல், நடந்தால் வலி, காலைப் பிடிப்பு அரை மணிக்குள் விடுகிறது என்றால் படம் இல்லாமலே தேய்மானம் என்று முடிவு செய்யலாம். பிடிப்பு ஒரு மணிக்கு மேல் நீடித்து, விரல் கணுக்களும் வீங்கினால் முடக்குவாதமா, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குகிற நோயா என்று பார்ப்பார்கள். அதற்கு வைத்தியமே வேறு.

வலியில்லாமல் சொடுக்குகிற சத்தத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் உங்கள் முட்டிமேல் உள்ளங்கையை வைத்து மடக்கி நீட்டச் சொன்னேன் அல்லவா? உள்ளே ரவையைத் தேய்ப்பதுபோல் நறநறத்தது. நீங்களும் முகத்தைச் சுளித்தீர்கள்.

முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சம்மணம் போடுகிற முட்டி அது. வேலையை விடச் சொல்லவில்லை, அந்தக் கூலி எனக்குத் தெரியாதா? உயரமான ஸ்டூலில் உட்காருங்கள், நடுநடுவே காலை நீட்டி, தொடைத் தசையை இறுக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து தளர்த்துங்கள். ஒரு கிலோ எடை குறைத்தால், எடுத்து வைக்கிற ஒவ்வொரு அடியிலும் மூட்டுக்கு நாலு கிலோ பாரம் குறையும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மட்டும் நிறுத்துங்கள். பிரஷர் இருக்கிற உடம்பு, கிட்னி தாங்காது.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறிவிடுங்கள், வேலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன். பழைய எக்ஸ்ரேயையும் எடுத்து வாருங்கள். முட்டிக்கு மேல் சுருட்டக்கூடிய தொளதொள நைட்டி ஒன்றையும் பையில் போடுங்கள்.