அந்த எளிய உரைப் பக்கத்தைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய தள நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தின் புதிய வடிவம் வெளியான அன்றே, அறிவிப்புகளுக்கென்று இருந்த எளிய உரைப் பக்கம் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டதையும், அதுபற்றி நான் எழுதிய மூன்று மடல்களுக்கும் "தங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டது" என்ற ஒரே வரி பதிலாக வந்ததையும் நீங்கள் அறிவீர்கள். எனவே பழைய கதையை மறுபடி விரிக்கப் போவதில்லை. அந்தப் பக்கத்தை மீண்டும் வைக்க வேண்டும் என்று கேட்கவே இந்த மடல்.

என் அக்காவுக்குப் பார்வை கிடையாது. கைபேசியில் உள்ள திரைவாசிப்பானின் துணையோடு உங்கள் பழைய பக்கத்தை அவர் பல ஆண்டுகளாகத் தாமே படித்து வந்தார். தலைப்பு, தேதி, விவரம் என்று வரிசையாகக் குரல் சொல்லும். வேண்டியதைக் கேட்டுக்கொண்டு மூடிவிடுவார். சென்ற வாரம் ஒரு விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் எது என்று தெரிந்துகொள்ளப் புதிய தளத்தைத் திறந்தார். "பொத்தான், பொத்தான், படம், இணைப்பு, பொத்தான்" என்றது குரல். எந்தப் பொத்தான், எதற்கான இணைப்பு என்று அதற்கும் தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை. முகப்பில் தானாக நகர்ந்துகொண்டிருக்கும் படவரிசை, அவர் கீழே இறங்கும்போதெல்லாம் மீண்டும் மேலே இழுத்துவந்தது. எப்படியோ அறிவிப்பை எட்டியபோது அது எழுத்தாக இல்லை. எழுத்தைப் படமாக்கி ஒட்டியிருந்தீர்கள். திரைவாசிப்பான் அந்தப் படக்கோப்பின் பெயரை, "ஐஎம்ஜி, அடிக்கோடு, இரண்டு, பூஜ்ஜியம், நான்கு" என்று பொறுமையாக வாசித்துக் காட்டியது. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு அக்கா கைபேசியை என்னிடம் நீட்டி, "நீயே பாத்துச் சொல்லுடா" என்றார். எதையும் எனக்குப் படித்துக் காட்டு என்று அதுவரை அவர் என்னிடம் கேட்டதே இல்லை.

பார்வை உள்ளவர்களுக்கும் இந்தத் தளம் எளிதாக இல்லை. பழைய பக்கம் சுமார் 12 கிலோபைட். புதிய பக்கம், அறிவிப்பு கண்ணில் படுவதற்குள், 6 மெகாபைட்டை இறக்குகிறது. அன்றாடத் தரவு அளவு தீர்ந்து வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்பட்ட ஒருவருக்கு முன்னது இரண்டு நொடிக்குள் வந்துவிடும். பின்னதற்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும், அதுவும் இணைப்பு நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். தமிழ் எழுத்து அதிக இடம் பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது. கணினியில் எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 'க' மூன்று பைட், 'கா' ஆறு பைட். அந்தக் கணக்கிலும் முந்நூறு சொற்கள் கொண்ட ஓர் அறிவிப்பு பத்துக் கிலோபைட்டை ஒட்டித்தான் நிற்கும்.

நான் பழமைவாதி என்று உங்கள் வடிவமைப்பாளர்கள் நினைக்கக்கூடும். 1991இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான, பட்டியல்கள் வழியே உரைக் கோப்புகளைத் திறக்கும் பழைய இணைய முறையான கோஃபருக்குத் திரும்புங்கள் என்று நான் கேட்கவில்லை. வலைத்தளங்களின் பளு தாங்காமல் 2019இல் தொடங்கப்பட்ட, எளிய உரைப் பக்கங்களைப் பரிமாறும் ஜெமினி என்ற இணைய நெறிமுறையில், பக்கத்துக்குள் நிரல் ஓடாது, வருபவரை அடையாளம் வைத்துக்கொள்ளும் குக்கி கிடையாது, இணைப்பு ஒவ்வொன்றும் தனி வரியில் நிற்கும். அந்தக் கட்டுப்பாட்டின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு தேதியைத் தெரிந்துகொள்ள அக்கா அதற்கென்று இன்னொரு மென்பொருளை நிறுவ வேண்டும் என்று சொல்வது நியாயமாகாது. வலையின் அடிப்படை மொழியான எச்டிஎம்எல் ஒன்றே இதற்குப் போதும். 1992 முதல் இருந்துவரும் லிங்ஸ் என்ற உரை உலாவி கூட அதைப் படிக்கும். சிஎன்என், என்பிஆர் போன்ற பெரிய செய்தி நிறுவனங்களே உரை மட்டும் கொண்ட பதிப்பைத் தனியாக வைத்திருக்கின்றன.

இரண்டு பதிப்புகளைப் பராமரிப்பது கடினம் என்பீர்கள். அந்த அறிவிப்பு படமாக மாறுவதற்கு முன் யாரோ ஒருவர் அதை எழுத்தாகத்தானே தட்டச்சு செய்திருப்பார்? அந்த எழுத்தை அப்படியே வெளியிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அதற்கு மேல் செலவழித்துத்தான் அதைப் படிக்க முடியாததாக ஆக்கியிருக்கிறீர்கள். சுழலும் வட்டத்தைக் காட்டிக் காத்திருக்க வைக்கிறீர்கள்; தேதி இருக்கும் வரியின் மீதே உரையாடல் பெட்டியைத் திறந்து "நான் எப்படி உதவட்டும்?" என்று கேட்கிறீர்கள். முதலில் சற்று விலகி நின்று உதவலாம் என்று அதற்குப் பதில் தட்டச்சு செய்தேன். "புரியவில்லை, மீண்டும் முயலவும்" என்றது. அதையாவது நேர்மையாக ஒப்புக்கொண்டதற்குப் பாராட்ட வேண்டும்.

மன்னிக்கவும், கேலி செய்வதற்காக எழுதத் தொடங்கவில்லை. புதிய தளத்தை எடுத்துவிடுங்கள் என்றும் நான் கேட்கவில்லை. அழகு வேண்டுவோருக்கு அது அப்படியே இருக்கட்டும். அதன் அருகில், தலைப்பும் தேதியும் விவரமும் மட்டும் கொண்ட, ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல் ஓடாமலே திறக்கிற, படமாக்கப்படாத உரைப் பக்கம் ஒன்றை வைக்க வேண்டும். முகப்பின் முதல் இணைப்பாக அதற்கு இடம் கொடுத்தால், திரைவாசிப்பான் பயன்படுத்துவோர் தேடி அலைய வேண்டியிருக்காது. அடுத்த அறிவிப்பு வெளியாவதற்கு முன்பே இதைச் செய்து தருமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கூடுமானால் பழைய முகவரியிலேயே வையுங்கள். அக்கா தம் கைபேசியில் அந்தப் புத்தகக்குறியை இன்னும் அழிக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் தளத்தின் நெடுநாள் பயனர்