ஸ்டாண்டர்டு ஹெரால்டு சக்கரங்களுக்கு அடித்த பவுடர் கோட்டிங் உரிவது பற்றிப் புகார்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
திருவான்மியூர், சென்னை.

பெறுநர்:
மேலாளர்,
பவுடர் கோட்டிங் மற்றும் குரோம் பிளேட்டிங் பிரிவு.

ஐயா,

வணக்கம். கடந்த நவம்பரில் என்னுடைய 1969ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரின் நான்கு இரும்புச் சக்கரங்களையும் வீல் கப்களையும் (சக்கரத்தின் நடுவை மறைக்கும் மூடிகள்) உங்கள் பட்டறையில் கொடுத்தேன். சக்கரங்களுக்கு சாண்ட் பிளாஸ்டிங் (மணலை வேகமாக அடித்துத் துருவையும் பழைய பெயிண்டையும் நீக்குவது) செய்து வெள்ளி நிறப் பவுடர் கோட்டிங் (பவுடரை அடித்துச் சூட்டில் உருக்கிப் படலமாக்குவது), கப்களுக்குப் புது குரோம் என்று பேச்சு. பில் நகலை இணைத்திருக்கிறேன். கொடுத்து ஓராண்டு முடிவதற்குள் மூன்று சக்கரங்களில் கோட்டிங் கொப்பளித்து உரிந்துவிட்டது. போனில் கேட்டதற்கு உங்கள் மேற்பார்வையாளர், "பழைய இரும்பு சார், கடல் காத்து வேற, என்ன பண்ண முடியும்?" என்றார். அந்தப் பதிலை நான் ஏன் ஏற்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

திருவான்மியூரில் உப்புக்காற்று உண்டு. ஜன்னல் கம்பியும் கேட்டும் துருப்பிடிக்கிற இடம்தான், மறுக்கவில்லை. அதற்காகத்தானே சாதாரண பெயிண்ட் போதாது என்று உங்களிடம் வந்தேன். ஆனால் நான்கு சக்கரங்களும் ஒரே வண்டியில்தான் ஓடுகின்றன, ஒரே ஷெட்டில்தான் நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் மட்டும் இன்றுவரை வட்டிலில் (சக்கரத்தின் நடுத்தகட்டில்) ஒரு கொப்பளம்கூட இல்லை. அது எந்தச் சக்கரம் என்று பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

கொடுப்பதற்கு முன்பு, எது எந்தப் பக்கத்துச் சக்கரம் என்று தெரிவதற்காக உள்பக்கத்தில் சென்டர் பஞ்சால் புள்ளி குத்தியிருந்தேன். அதனால் அடையாளத்தில் குழப்பம் இல்லை. பழுதில்லாத அந்தச் சக்கரம், நிறம் சரியாக வருகிறதா என்று எனக்குக் காட்டுவதற்காக பிளாஸ்டிங் முடிந்த கையோடு, நான் பக்கத்தில் நிற்கும்போதே பவுடர் அடித்துச் சுடும் அடுப்பில் (ஓவனில்) ஏற்றியது. மற்ற மூன்றும் வெறும் இரும்பாக உங்கள் ஷெட்டின் திறந்த பக்கத்தில் கிடந்தன. வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருந்த வாரம் அது. அடுத்த நாள் வந்து பார்த்தபோதும் அங்கேயே இருந்தன. கரண்ட் இல்லை, ஓவன் போடவில்லை என்றார்கள்.

பிளாஸ்டிங் செய்த இரும்பின் மேல் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் ஈரத்தையும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். சென்னை மழைக்காலத்தில் சில மணி நேரத்திலேயே மெல்லிய துரு படர்ந்துவிடும். அதன் மேல் பவுடரை அடித்து 200 டிகிரியில் சுட்டால் வெளியே பளபளப்பாகத்தான் தெரியும். அடியில் பவுடர் பிடித்திருப்பது இரும்பை அல்ல, துருவை. எங்காவது ஒரு கல் பட்டு ஓட்டை விழுந்தால் போதும், தண்ணீர் உள்ளே நுழைந்து படலத்துக்கு அடியிலேயே பரவும். இங்கே நடந்ததும் அதுதான். உரிந்த ஏடு ஒன்றைப் பையில் போட்டு இணைத்திருக்கிறேன், திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் முழுவதும் பழுப்புத் தூள். அது இருந்த இடத்தில் பிளாஸ்டிங்கின் சொரசொரப்பு அப்படியே இருக்கிறது. அதாவது உங்கள் பிளாஸ்டிங் ஆள் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு யாரும் அவசரப்படவில்லை, அவ்வளவுதான்.

ரிம்மும் நடுவட்டிலும் வெல்டாகிச் சேரும் இடுக்கைச் சுற்றித்தான் சேதம் மிக அதிகம். அந்த இடுக்கில் பிளாஸ்டிங் மணலும் ஈரமும் தங்கும். பவுடர் அடிப்பதற்கு முன் சக்கரத்தை ஒருமுறை வெறுமனே சூடாக்கி ஈரத்தை வெளியேற்றியிருக்க வேண்டும். துத்தநாகம் கலந்த பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட் அடித்திருக்க வேண்டும். பில்லில் பிரைமர் என்று தனியாக ஒரு வரி இருக்கிறது, அதற்குப் பணமும் வாங்கியிருக்கிறீர்கள். உரிந்த ஏட்டில் வெள்ளி நிறத்துக்குக் கீழே வேறு எந்த அடுக்கும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. இருந்தால் காட்டுங்கள்.

இதுவரை சொன்னது அழகும் பணமும் சம்பந்தப்பட்டது. அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது.

சக்கரங்களை மாட்டிய பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிப் போனபோது, கோவளம் தாண்டியதும் முன் இடது சக்கரத்திலிருந்து டக் டக் என்று சத்தம். ஓரம் கட்டிப் பார்த்தால் நட்டுகள் கையால் திருகும் அளவுக்கு லூஸ். மெக்கானிக் சரியாகத்தான் முறுக்கியிருந்தார், நானும் பக்கத்தில் இருந்தேன். காரணம் நட்டு உட்காரும் கூம்புப் பள்ளத்தில் இருந்தது. அங்கேயும் நீங்கள் பவுடரைத் தடிமனாக அடித்திருக்கிறீர்கள். நட்டின் கூம்பு இரும்பின் மேல் இரும்பாக உட்கார வேண்டும். நடுவில் பவுடர் இருந்தால், ஓட ஓட அது நசுங்கிப் பிதுங்கி நட்டின் இறுக்கம் போய்விடும். ஹெரால்டில் ஒரு சக்கரத்துக்கு நான்கே ஸ்டட் (நட்டு ஏறும் மரைக்கம்பி), அதுவும் 3/8 அங்குலம்தான். அந்த இடத்தை டேப் ஒட்டியோ சிலிகான் அடைப்பான் வைத்தோ மறைத்துவிட்டு அடிப்பது உங்கள் தொழிலில் அரிச்சுவடி. பழுதில்லாத சக்கரம் என்றேனே, அதிலும் இந்தத் தவறு இருக்கிறது. பள்ளங்களைச் சுற்றிக் கோட்டிங் வளையமாக வெடித்திருக்கிறது, புகைப்படம் வைத்திருக்கிறேன். உங்களிடம் சக்கரம் கொடுத்த மற்றவர்களையும் கூப்பிட்டு நட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். என் பணத்தை நாளை கொடுத்தாலும் பரவாயில்லை, இதை இன்றே செய்யுங்கள்.

கப்கள் பற்றிச் சுருக்கமாக. குரோம் பார்க்கத்தான் மினுமினுப்பு. அது ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான படலம். துருவைத் தடுப்பது அதற்கு அடியில் இருக்கும் நிக்கல்தான். நிக்கலில் கஞ்சத்தனம் செய்தால் ஊசிமுனை அளவில் பழுப்புப் புள்ளிகள் வரும். எல்லாக் கப்பிலும் வந்திருக்கின்றன. கார் மெழுகு பூசித்தான் வைத்திருந்தேன், ஆசிட் கிளீனர் எதையும் பக்கத்தில் கொண்டுபோகவில்லை.

உங்கள் பில்லில் ஓராண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பின்பக்கம் பொடி எழுத்தில் பழைய பொருட்களுக்குப் பொருந்தாது என்று இருக்கிறது. கடை வாசலில் நீங்கள் மாட்டியிருக்கும் பலகையில் மூன்று பழைய கார்களின் படம். பழைய வண்டிக்காரர்களைக் கூப்பிட்டு வேலை வாங்கிவிட்டு, பழைய வண்டிக்கு உத்தரவாதம் இல்லை என்றால் எப்படி?

அப்புறம், இந்தச் சக்கரங்கள் போனால் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்றும் உங்கள் ஆள் சொன்னார். இங்கிலாந்து ஹெரால்டை வைத்து நம் வண்டலூரில் செய்த கார் இது. நான்கு கதவு வைத்த ஹெரால்டு இங்கிலாந்தில் வரவே இல்லை, இங்கே மட்டும்தான். அதைச் செய்த கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிறது. நல்ல சக்கரம் வேண்டுமென்றால் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் தேடி அலைய வேண்டும். கிடைத்தாலும் நெளிவில்லாமல் கிடைக்காது.

எனவே நான் கேட்பது இதுதான். நான்கு சக்கரங்களின் கோட்டிங்கையும் ரசாயனத்தில் ஊறவைத்து நீக்குங்கள். மறுபடி மணலால் அடித்தே உரித்து இரும்பை மெலிய வைக்க வேண்டாம், கடைசியில் லேசான பிளாஸ்டிங் போதும். அன்றே பிரைமர், பிறகு பவுடர். நட்டுப் பள்ளங்களும் சக்கரம் ஹப்பில் (வண்டியில் சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதியில்) உட்காரும் முகமும் வெறும் இரும்பாக இருக்கட்டும், அங்கே நான் மெல்லிய எண்ணெய் பூசிக்கொள்கிறேன். வேலை நடக்கும்போது பக்கத்தில் இருந்து பார்க்க அனுமதி வேண்டும். முடிந்ததும் தடிமன் மீட்டர் வைத்து அளந்து காட்ட வேண்டும். 60 முதல் 100 மைக்ரான் வரை இருந்தால் எனக்குச் சரி. கப்களை மறுபடி உங்களிடம் கொடுப்பதாக இல்லை, அந்தத் தொகையைத் திருப்பித் தாருங்கள்.

கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும், போனில் வேண்டாம். வராவிட்டால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதற்கு இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

டயரும் டியூபும் கழற்றி மறுபடி மாட்டும் கூலி, சக்கரங்களை எடுத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவரும் வண்டிச் செலவு இரண்டும் உங்கள் பொறுப்பு. ஞாயிறு தவிர எந்த நாளும் காலை பத்து மணிக்கு மேல் ஆள் அனுப்பலாம்.

இப்படிக்கு,
ஹெரால்டு உரிமையாளர்

இணைப்பு: பில் நகல், புகைப்படங்கள், உரிந்த கோட்டிங் ஏடு.