பவர் விண்டோ ஸ்விட்ச் உருகியது குறித்துப் புகார்: ‘வாடிக்கையாளர் கவனக்குறைவு’ என்று எழுதியதை நீக்கக் கோரி

அனுப்புநர்
காரின் உரிமையாளர்,
(வண்டி விவரம் இணைப்பில் உள்ளது)
ஸ்ரீரங்கம், திருச்சி.

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு,
தலைமை அலுவலகம்.

பொருள்: ஓட்டுநர் கதவின் பவர் விண்டோ ஸ்விட்ச் புகைந்து உருகியது – பழைய ஸ்விட்சைத் திருப்பித் தரவும், ஜாப் கார்டை (சர்வீஸ் வேலைப் பதிவுச் சீட்டை) திருத்தவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். உங்கள் நிறுவனம் தயாரித்த காரை 2021 ஆகஸ்டில் வாங்கினேன். 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இதுவரை ஒரு சர்வீஸ்கூடத் தவறவிட்டதில்லை. எல்லாம் திருச்சியில் உள்ள உங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில்தான்.

இந்த ஆண்டு ஜூலை வாக்கில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி ஸ்விட்ச் இறுக ஆரம்பித்தது. அழுத்தினால் பாதியில் ஏதோ தடுக்கும். இன்னும் அழுத்தினால் ‘டக்’கென்று இறங்கும். சில நேரம் விரலை எடுத்த பிறகும் மேலே வராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகஸ்ட் 19 அன்று சர்வீசுக்கு விட்டபோது சொன்னேன். ஒரு பையன் வந்து ஸ்பிரே குழாயை ஸ்விட்ச் இடுக்கில் வைத்து இரண்டு தடவை அடித்தான். கண்ணாடியை நாலு முறை ஏற்றி இறக்கிவிட்டு, “ஸ்மூத் ஆயிடுச்சு சார்” என்றான். ஆகித்தான் இருந்தது. ஜாப் கார்டில் ‘டிரைவர் சைடு ஸ்விட்ச் டைட், லூப்ரிகேட் செய்யப்பட்டது’ என்று எழுதினார்கள், காசு வாங்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை. தஞ்சாவூரில் ஒரு வளைகாப்புக்காக மனைவி, மருமகள், ஐந்து வயதுப் பேரன் எல்லோரும் கிளம்பினோம். காலையிலிருந்தே தூறல். வாழவந்தான்கோட்டை டோலில் ஃபாஸ்டேக் ஸ்கேன் ஆகவில்லை. கண்ணாடியை இறக்கி ஊழியரிடம் பேசவேண்டியதாயிற்று. ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். அதற்குள் கதவின் உள்பக்கம் சாரல் பட்டது. பிறகு கண்ணாடியை ஏற்றினேன். முக்கால்வாசி ஏறி நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினேன், அசையவில்லை. செங்கிப்பட்டிக்கு முன்னால் பேக்கலைட் கருகும் வாசனை வந்தது. அந்த வாசனை எனக்கு அத்துப்படி. மின்வாரியத்தில் 31 வருடம் வேலை பார்த்து லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன் நான். குனிந்து பார்த்தால் ஸ்விட்ச் பொத்தானைச் சுற்றி மெல்லிய புகை.

வண்டியை ஓரம் கட்டினேன். பின்சீட்டில் மருமகள் தன் பக்கக் கண்ணாடியை இறக்கப் பார்த்தாள், அதுவும் இறங்கவில்லை. கதவுகள் திறந்தன, அந்த மட்டுக்கும் நல்லகாலம். எல்லோரையும் மழையில் இறக்கிவிட்டு, டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து பேட்டரி டெர்மினலைக் கழற்றினேன். புகை நிற்கச் சில நிமிடம் ஆயிற்று. பொத்தான் வளைந்து உள்ளே இறங்கியிருந்தது. டோர் பேட் (கதவின் உள்பக்க உறை) கைப்பிடி அருகே உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. வளைகாப்புக்குப் போகவேண்டியவர்கள் நனைந்த பட்டுப்புடவையோடு தஞ்சாவூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போனார்கள். நான் டோ வண்டிக்குக் காத்திருந்தேன்.

மறுநாள் சர்வீஸ் அட்வைசர் ஸ்விட்சைக் கழற்றி என் முன்னால் ஒரு முறை திருப்பிப் பார்த்தார். “தண்ணி போயிருக்கு சார். இது கஸ்டமர் சைடு” என்றார். ஜாப் கார்டில் ‘நீர் புகுந்தது, வாடிக்கையாளர் கவனக்குறைவு’ என்று ஏறியது. ஸ்விட்ச், டோர் பேட், கூலி எல்லாம் சேர்த்து 13,200 ரூபாய். வாரண்டி மூன்று வருடத்தோடு முடிந்ததாம். பழைய ஸ்விட்சைக் கேட்டேன். தரமுடியாது, ஸ்கிராப்புக்குப் போய்விடும் என்றார்கள். உங்கள் மண்டல மேலாளரிடம் தொலைபேசியில் பேசியபோது அவர் கேட்டது: “யாருக்கும் அடிபடலையே சார்?”

ஓட்டுநர் ஜன்னலில் கண்ணாடியை இறக்கினால் மழை நாளில் சாரல் வரத்தான் செய்யும். இறக்க முடியாத ஜன்னல் என்றால் அதற்கு ஸ்விட்ச் எதற்கு? நான் வேலை பார்த்த காலத்தில் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்ததற்கு ‘மழை பெய்தது’ என்று ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தால் எங்கள் ஏ.இ. (உதவிப் பொறியாளர்) அதைத் திருப்பி எறிவார். மழை பெய்யும்தான், உள்ளே எப்படிப் போயிற்று என்று எழுது என்பார்.

உங்கள் தொழிலிலேயே இதற்கு முன்மாதிரி இருக்கிறது. 2009இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு ஹோண்டா ஜாஸ் கார் தீப்பிடித்து ஒரு குழந்தை இறந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் அந்த நிறுவனம் உலகம் முழுக்க சுமார் 6,46,000 கார்களைக் குறையைச் சரிசெய்யத் திரும்ப அழைத்தது (ரீகால்). காரணம், ஓட்டுநர் ஜன்னல் வழியாக வரும் தண்ணீர் பவர் விண்டோவின் மாஸ்டர் ஸ்விட்சுக்குள் (எல்லாக் கண்ணாடிகளையும் இயக்கும் ஓட்டுநர் பக்க ஸ்விட்ச்) இறங்கி ஷார்ட் ஆகலாம் என்பது. அதாவது உங்கள் அட்வைசர் என் தலையில் கட்டிய அதே தண்ணீர். இந்தியாவில் மட்டும் அப்போது 8,532 ஹோண்டா சிட்டி கார்கள். அதே ஸ்விட்சுக்காக 2011இல் 72,115, 2013 ஜனவரியில் 42,672 என்று மறுபடி மறுபடி அழைத்தார்கள். கண்ணாடியை ஏன் இறக்கினாய் என்று எந்த உரிமையாளரையும் கேட்கவில்லை, ஸ்விட்சை மாற்றினார்கள்.

அந்த ஸ்பிரேயைப் பற்றி நீங்கள் கட்டாயம் விசாரிக்கவேண்டும். 2012 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு, 2007 மாடல் டொயோட்டா கேம்ரி, ராவ்4 கார்களின் ஓட்டுநர் கதவில் தீப்பிடிப்பதாக வந்த புகார்களை வைத்து விசாரணை தொடங்கியது. விரல்விட்டு எண்ணக்கூடிய புகார்கள்தான். அக்டோபரில் டொயோட்டா 74 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மாஸ்டர் ஸ்விட்சுக்குள் கிரீஸ் சீராகத் தடவப்படவில்லை, அதனால் ஸ்விட்ச் இறுகி ஒட்டும் என்று சொன்னார்கள். கூடவே ஓர் எச்சரிக்கையும்: இறுக்கத்தைப் போக்கக் கடையில் கிடைக்கும் லூப்ரிகண்டை அடித்தால் ஸ்விட்ச் உருகலாம், புகையலாம். 2015இல் இன்னும் 65 லட்சம் வண்டிகள். அப்போதும் கிரீஸ்தான். கிரீஸ் குறைந்த இடத்தில் காண்டாக்ட் (மின்சாரம் பாயத் தொட்டுக்கொள்ளும் உலோக முனை) தேய்ந்து, அந்தத் தூள் சேர்ந்து, ஈரமும் சேர்ந்தால் ஷார்ட்.

ஜூலையில் இறுக்கம், ஆகஸ்டில் ஸ்பிரே, நவம்பரில் சாரல், புகை. உங்கள் ஸ்விட்சும் அதே மாதிரி என்று நான் சாதிக்கவில்லை. திறந்து பார்த்தால்தானே தெரியும்? காண்டாக்ட் தேய்ந்திருக்கிறதா, கார்பன் ஓடியிருக்கிறதா (கரி படிந்து மின்சாரம் கசிந்த தடம்), அந்தப் பையன் அடித்தது என்ன எண்ணெய் என்று பார்க்க அரைமணி நேரம் போதும். பார்க்காமலே ஸ்கிராப்பில் போடுகிறீர்கள்.

யாருக்கும் அடிபடவில்லை என்பதும் பதிலாகாது. 2022 செப்டம்பரில் டெஸ்லா அமெரிக்காவில் சுமார் 11 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ஏறும் கண்ணாடியில் கை சிக்கினால் அது சரியாகத் திரும்பி இறங்கவில்லை என்பது குறை. யாருக்கும் காயம் பட்டதாகத் தங்களுக்குத் தகவல் இல்லை என்று அந்த நிறுவனமே சொன்னது. சாஃப்ட்வேரில் முடிந்த வேலைதான், ஆனாலும் ரீகால் என்றே பதிவானது.

ஜாப் கார்டில் இரண்டு வார்த்தைக்காக இந்த மனிதர் ஏன் இப்படி மல்லுக்கு நிற்கிறார் என்று உங்களுக்குத் தோன்றலாம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, ஆபத்தான குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது. 2021 ஏப்ரல் 1 முதல் விதிகள் அமலில் உள்ளன. ஏழு வருடத்துக்குட்பட்ட வண்டிகளுக்கு அவை பொருந்தும், என் வண்டி நாலு வருடம்தான் ஆனது. விற்ற வண்டிகளில் எத்தனைக்குப் புகார் வந்தது என்ற கணக்கும் அந்த விதிகளில் முக்கியம். நீங்கள் ‘கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டால் என் வண்டி உங்கள் ஏட்டில் குறையுள்ள வண்டியாகவே ஏறாது. இதே போல் எத்தனை ஊரில் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்களோ, யார் கண்டது.

ஆகவே பழைய ஸ்விட்ச் இன்னும் ஸ்கிராப்புக்குப் போகவில்லை என்றால் அதை என் பெயரெழுதி சீல் வைத்து எடுத்து வையுங்கள். போய்விட்டது என்றால் எந்தத் தேதியில், யார் உத்தரவில் போனது என்று எழுத்தில் தாருங்கள். உங்கள் பொறியாளர் ஒருவர் என் முன்னிலையில் அதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். ‘வாடிக்கையாளர் கவனக்குறைவு’ என்பதை அடித்துவிட்டு, ஆகஸ்ட் 19ஆம் தேதி ஸ்பிரே அடித்ததையும் சேர்த்து நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். இதே ஸ்விட்ச் பொருத்திய வண்டிகளுக்கு ஸ்பிரே அடிக்கவேண்டாம் என்று எல்லா சர்வீஸ் சென்டருக்கும் உடனே சொல்லுங்கள். இதற்கு என் புகார் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நான் கட்டிய 13,200 ரூபாயும் டோ வண்டிக்குக் கொடுத்த 2,500 ரூபாயும் திரும்ப வேண்டும்.

பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வாகன ரீகால் இணையப் பக்கத்திலும், திருச்சி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இதே கடிதத்தை வைத்துப் புகார் செய்வேன். “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்” என்ற குறுஞ்செய்தியைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அது ஏற்கெனவே நான்கு வந்துவிட்டது.

ஸ்விட்சைக் கூரியரில் அனுப்பவேண்டாம். நாளும் நேரமும் சொன்னால் நானே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காரின் உரிமையாளர்,
ஸ்ரீரங்கம்.

இணைப்பு: ஜாப் கார்டு நகல் 2 (ஆகஸ்ட் 19, நவம்பர் 24), பில் நகல் 1, டோ வண்டி ரசீது 1, கருகிய கதவின் புகைப்படம் 5, ஆர்.சி. நகல் 1.