டியூக் ஆஃப் குளோஸ்டர்: கயலுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் பரவாயில்லை. மண்ணச்சநல்லூர் விஷயம் ஒருவழியாக முடிந்தது, சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். ஹீட்டரைப் போட்டுக்கொள். பில்லுக்குப் பயந்து அணைத்து வைக்காதே.

போன் செய்தால் மீட்டிங் என்கிறாய். சரி, இருக்கும். ஆனால் தீபாவளிக்குக்கூட முகம் காட்டாமல் ஒரு மெசேஜோடு நிறுத்திக்கொண்டது அம்மாவுக்கு ரொம்ப வருத்தம். எனக்கும்தான். பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். ஒரு ஸ்டீம் ரயில் இன்ஜினைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும்.

போன தடவை நாங்கள் வந்தபோது லாஃப்பரோவுக்குக் கூட்டிப்போனாயே, கிரேட் சென்ட்ரல் ரயிலில் லெஸ்டர் நார்த் வரை வந்தோமே. அந்த லாஃப்பரோவில்தான் டியூக் ஆஃப் குளோஸ்டருக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். நம்பர் 71000. அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்தேன், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று இழுத்துக்கொண்டு போய்விட்டாய்.

1952 அக்டோபர் 8-ஆம் தேதி லண்டனுக்குப் பக்கத்தில் ஹாரோ அண்ட் வீல்ட்ஸ்டன் ஸ்டேஷனில் மூன்று ரயில்கள் மோதி 112 பேர் செத்துப்போனார்கள். பிரின்சஸ் ஆன் என்ற எக்ஸ்பிரஸ் இன்ஜினும் அதில் தேறாமல் போனது. அந்த இடத்தை நிரப்ப ஒன்று வேண்டும் என்றுதான், ராபர்ட் ரிடில்ஸ் போட்ட திட்டப்படி, 1954-ல் க்ரூ ஒர்க்‌ஷாப்பில் டியூக்கைக் கட்டினார்கள். மூன்று சிலிண்டர், அவற்றுக்குள் ஸ்டீமை விட்டு வெளியேற்ற கப்ரோட்டி வால்வு. இன்னும் பல இன்ஜின் அதே மாதிரி வருவதாக இருந்தது. அடுத்த வருஷமே டீசலுக்கும் கரண்டுக்கும் மாறுவது என்று முடிவெடுத்துவிட்டார்கள். அந்த வகையில் இது ஒன்றே ஒன்றுதான் என்று நின்றுபோனது.

இதுதான் எனக்கு மனசில் தைப்பது. ஒரே மாதிரி பத்து இன்ஜின் ஓடினால், ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்றைப் பார்த்து எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கலாம். இதற்கு அந்த வழியே இல்லை. ஸ்விண்டனில் சோதித்துப் பார்த்தார்கள். சிலிண்டருக்குள் ஸ்டீமை இவ்வளவு சிக்கனமாக எடுத்துக்கொள்ளும் இன்ஜின் அபூர்வம் என்று தெரிந்தது. ஆனால் பாய்லர் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. கரியை அள்ளிக் கொட்ட வேண்டும், அப்படியும் ஏற்றத்தில் ஸ்டீம் இறங்கிவிடும். க்ரூவில் அதை ஓட்டியவர்களுக்குப் பிடிக்கவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மண்வெட்டி பிடித்துக் கை காய்த்த பயர்மேனிடம் போய் டிசைன் நல்லது என்று யார் சொல்ல முடியும்? ஹோலிஹெட் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. 1962-ல் கண்டம் பண்ணிவிட்டார்கள். எட்டு வருஷம்தான். நம் பக்கத்தில் இன்ஜினுக்கு அது ஒரு வயசா?

முதலில் தேசியச் சொத்தாக முழுசாக வைத்துக்கொள்வதாகத்தான் இருந்தது. அப்புறம் வால்வு அமைப்பை மட்டும் காட்டினால் போதும் என்று, ஒரு பக்கச் சிலிண்டரைக் கழற்றி, உள்ளே தெரிகிற மாதிரி அறுத்து, லண்டன் சயின்ஸ் மியூசியத்தில் வைத்தார்கள். மிச்சத்தை வேல்ஸில் பாரி என்ற ஊரில் டாய் வுடம் என்பவரின் உடைப்பு யார்டுக்கு அனுப்பினார்கள். அந்த மனுஷன் வேகன்களை உடைப்பதிலேயே மும்முரமாக இருந்தார், இன்ஜின்கள் துருப்பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றன. அங்கே போன 297-ல் 213 பிழைத்ததற்கு அதுதான் காரணம். 1974-ல் ஒரு குழுவினர் சேர்ந்து டியூக்கை 4,950 பவுண்டுக்கு வாங்கினார்கள். இது ஒருக்காலும் ஓடாது என்றுதான் விஷயம் தெரிந்தவர்களும் சொன்னார்கள். சிலிண்டர் இல்லை, வால்வு இல்லை, எல்லாம் புதுசாக வார்க்க வேண்டும். பதின்மூன்று வருஷம் போல உழைத்தார்கள்.

இனிமேல்தான் கவனமாகப் படிக்க வேண்டும். பழைய டிராயிங்கை விரித்து வைத்து அளந்தபோது, சாம்பல் விழும் ஆஷ்பேனில் காற்று வருகிற டேம்பர்கள் டிராயிங்கில் இருக்கிற அளவில் இல்லை என்று தெரிந்தது. சிறியதாகச் செய்துவிட்டிருக்கிறார்கள். தீக்கு அடியிலிருந்து காற்றே போதவில்லை. விறகடுப்பின் வாயைச் சாம்பல் அடைத்துக்கொண்டால் எத்தனை விறகு வைத்தும் என்ன பிரயோஜனம்? மேலே புகைபோக்கியும் அந்தப் பாய்லருக்குப் போதாது. டேம்பரை டிராயிங்படி செய்தார்கள், கைல்சாப் என்ற நல்ல புகைபோக்கி அமைப்பைப் பொருத்தினார்கள். 1990-ல் மெயின் லைனுக்கு வந்தபோது ஷாப் என்ற மலைப்பாதை மாதிரி ஏற்றங்களில் அது இழுத்ததைப் பார்த்து, கரி தின்னி என்று சொன்னவர்களே வாயடைத்துப் போனார்கள்.

என் சர்வீஸ் முழுக்கப் பொன்மலை ரயில்வே பணிமனையில் பாய்லர் ஷாப். ஊட்டி இன்ஜின்கள் எங்களிடம்தான் வரும். ஸ்டீம் ஏறவில்லை என்றால் இன்ஜினைத் திட்டாதே, காற்று வரும் வழியைப் பார் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டு வருஷம் ஓடியது, இத்தனை ரிப்போர்ட் எழுதினார்கள், ஒருத்தர்கூடக் குனிந்து ஆஷ்பேனை அளந்து பார்க்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை, கயல். இருக்கிற இடத்தில் மூச்சுவிட வழி செய்யாமல், ரிசல்ட் போதவில்லை என்று மதிப்பெண் போடுவது என்ன நியாயம்?

தெருவில் ஒருவர் ஏதோ சொன்னார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை.

உனக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்த அன்று ஷாப் கேண்டீனில் எல்லோருக்கும் நான்தான் டீ வாங்கிக்கொடுத்தேன். உன் கணக்கு நோட்டை எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பிலேயே என் டிராயிங்கில் தப்புக் கண்டுபிடித்தவள் நீ. ஆனால் கஷ்டம் என்று வந்தால் கதவைச் சாத்திக்கொள்வாய், அது மட்டும் எனக்குப் பிடிக்காது. மாப்பிள்ளையிடமாவது பேசுகிறாயா? ராத்திரி என்ன சாப்பிடுகிறாய்? பிரெட்டைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ரசம் வைத்தால் பத்து நிமிஷம்தான். ஹீட்டரைப் போட்டுக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆறு மணிக்கு அம்மா கூப்பிடுவாள். மீட்டிங் இருக்காது, எடு. அவளிடம் வழக்கம்போலப் பேசு, வேறெதுவும் சொல்ல வேண்டாம். எனக்குத் தனியாக ஒரு மெசேஜ் போடு.

போஸ்ட் ஆபீஸ் டெபாசிட் போன மாதம் முதிர்ந்தது. எடுக்காமல் உன் பேரில்தான் வைத்திருக்கிறேன். அடுத்து ஒன்று கிடைக்கிற வரைக்கும் அவசரப்பட்டு எதிலும் போய்ச் சேராதே, வாடகைக்கு அது தாங்கும். அத்தைக்குத் தெரிய வேண்டியதில்லை.

அப்பா