பயாலஜி குரூப் பெற்றோருக்கு, லேப் படிப்பு பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பிளஸ் டூ பயாலஜி குரூப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எம்.பி.பி.எஸ்., விட்டால் நர்சிங், இந்த இரண்டு பேச்சுதான் ஓடுகிறது. பி.எஸ்சி. எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம், அதாவது லேப் படிப்பு) என்று ஒன்று இருக்கிறதே என்று சொன்னால், "ரத்தம் எடுக்கிற வேலைதானே சார்?" என்கிறீர்கள்.

ரத்தம் எடுப்பது முதல் ஐந்து நிமிஷம்தான், அப்புறம்தான் வேலையே. சர்க்கரைக்குச் சாம்பல் நிற மூடிக் குழாய், ரத்த அணுக்களை எண்ண ஊதா மூடி, உறையும் நேரம் பார்க்க இளநீல மூடி. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்கப் பொட்டாசியம் உப்பு ஒன்று போட்டிருப்பார்கள்; ரத்தம் பத்தவில்லையே என்று அதிலிருந்து கொஞ்சம் எடுத்து வேறு குழாயில் ஊற்றினால் போச்சு, பொட்டாசியம் தாறுமாறாக ஏறும், கால்சியம் இறங்கும், நன்றாக இருக்கிற மனுஷனுக்கு இதயம் நின்றுவிடுமோ என்று வார்டே பதறும். ரிசல்ட்டைப் பார்த்ததுமே இது நோய் இல்லை, குழாயில் நடந்த கோளாறு என்று பிடித்து, வேறு சாம்பிள் கேட்கத் தெரிய வேண்டும். எல்லாம் மெஷினே செய்துவிடும் என்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இது மருத்துவமனைப் பயிற்சியோடு சேர்த்து 4 வருஷப் படிப்பு. உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், ரத்தவியல், திசு நோயியல், ரத்த வங்கி எல்லாம் உண்டு. அரசு இடங்களுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கிறது. டிப்ளமோவும் இருக்கிறது, சீக்கிரம் சம்பாதிக்க வேண்டிய வீடு என்றால் தப்பில்லை; ஆனால் எம்.எஸ்சி., ஆராய்ச்சி என்று மேலே போக டிகிரிதான் வழி.

வேலை பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். தனியார் லேபில் ஆரம்பச் சம்பளம் குறைவு, நைட் ஷிப்ட் உண்டு. அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆள் எடுக்கும்போது போட்டி கடுமையாக இருக்கும். லேபுகளின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் என்.ஏ.பி.எல். என்ற தேசிய வாரியத்தின் அங்கீகாரம் வாங்கிய லேபில் கொஞ்ச காலம் ஒழுங்காக வேலை பழகியவர்களுக்கு மதிப்பு தனி. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் அங்கே உரிமத் தேர்வு எழுத வேண்டும், சான்றிதழ்களையும் துருவித் துருவிச் சரிபார்ப்பார்கள்.

அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்ட் மாடியில் போர்டு மாட்டி, ஆறே மாதத்தில் லேப் டெக்னீஷியன் என்று சொல்லும் இடங்களில் பணம் கட்டாதீர்கள். துணை மருத்துவப் படிப்புகளுக்கென்று 2021-இல் தேசிய ஆணையச் சட்டமே வந்துவிட்டது, இனி அங்கீகாரம் இல்லாத சான்றிதழுக்கு நாளுக்கு நாள் மரியாதை குறையத்தான் செய்யும். எந்தப் பல்கலைக்கழக இணைப்பு, சொந்த மருத்துவமனை இருக்கிறதா, பயிற்சி எங்கே என்று கேளுங்கள், மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற பிள்ளையை மட்டும் தயவுசெய்து கட்டாயப்படுத்த வேண்டாம்.

விண்ணப்பம் போட உதவி வேண்டுமென்றால் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியலோடு பள்ளி நேரத்தில் அலுவலகத்துக்கு வாருங்கள். பிள்ளையையும் கூட்டி வாருங்கள், படிக்கப் போவது அவர்கள்தானே.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்